உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற ரூம்

இப்போதெல்லாம் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்க ஓர் இடம் பார்ப்பது என்றால், போனைக் கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போவதுதான். அறை, கட்டில், நீச்சல் குளம் என்று எல்லாவற்றின் படமும் வந்துவிடுகிறது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், நாம் சிறுவர்களாக இருந்தபோது நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே கையில் திணிக்கப்படும் நோட்டீஸ்தான் விளம்பரம். மெல்லிய மஞ்சள் காகிதத்தில் ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் நீல மையில் அச்சாகியிருக்கும். மடித்துப் பையில் வைத்தால் சட்டையில் மை இறங்கும்.

அப்படிப்பட்ட மூன்று நோட்டீஸ்களை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் பதினேழு பேருக்கு இடம் பார்த்தார்கள். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு. அத்தா, அதாவது என் அப்பா, ஆட்டோவுக்கு சீட் தைப்பவர். அவருடைய அண்ணன் பெரியத்தா. அவர்கள் இருவருக்கும் தங்கை, எங்கள் மாமி. மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு கூடம், மொட்டைமாடிக்கு ஒரு இரும்பு ஏணி. துணி காயப்போட அந்த ஏணியில் எல்லோரும் ஏறுவார்கள், என் அக்காவைத் தவிர. நாலாவது படியிலேயே அவளுக்குக் கால் நடுங்கும். அவள் பங்குத் துணியையும் நான்தான் காயப்போடுவேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரியும், ஆனால் குரல் வராது. பத்து நாள் நின்றுவிட்டு வந்தேன். பதினோராவது நாள் அத்தாவின் கடையில் உட்கார்ந்து பழைய சீட்டில் நூல் பிரித்தேன். ரெக்சின் துணியோடு பேச வேண்டியதில்லை. இன்றும் அதே கடைதான்.

இடம் பார்த்த அந்த வருடம்தான் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மச்சான் சவுதியில் எலக்ட்ரீஷியன். பரமக்குடிப் பக்கம் ஊர், தாய் தகப்பன் இல்லை. அதனால் விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர்களுக்கு உள் அறையை ஒதுக்கிக் கொடுத்தோம் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒதுக்கியது உண்மை. ஆனால் வீட்டிலேயே ஒரே பீரோ அந்த அறையில்தான் இருந்தது. பதினேழு பேரின் துணியும் ரேஷன் கார்டும் மாமியின் சுகர் மாத்திரையும் அந்தப் பீரோவில். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு பச்சைத் திரைதான். திரையை விலக்கிக்கொண்டு யாராவது போவார்கள், யாராவது வருவார்கள். அக்காவும் மச்சானும் பீரோவுக்குக் காவல் இருப்பவர்கள் மாதிரி கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மச்சான் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவர் அத்தாவிடம் தயங்கித் தயங்கி, அக்காவை எங்காவது இரண்டு நாள் அழைத்துப் போய் வரட்டுமா என்று கேட்டார். அத்தா நல்ல விஷயம் என்று தலையாட்டிவிட்டு, தன் அண்ணனிடம் சொன்னார்.

பெரியத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சின்னஞ்சிறுசுங்க தனியா எங்கடா போவும்? பாஷை தெரிஞ்ச ஊரா, தெரியாத ஊரா, சோத்துக்கு இன்னா பண்ணும்? எல்லாரும் போவோம். மாப்ள ஆசைப்பட்டு கேட்டுக்கிறாரு. ராட்டினம், தண்ணி வெளையாட்டு எல்லாம் இருக்குற எடமா நானே பாக்குறேன்" என்றார்.

மச்சான் வாசலில் நின்றபடி இதைக் கேட்டார். "சரிங்க பெரியத்தா" என்று மட்டும் சொன்னார். புது மாப்பிள்ளை வேறென்ன சொல்ல முடியும்?

பெரியத்தா கல்யாண பிரியாணி மாஸ்டர். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்த மண்டபத்தில் எத்தனை குழாய், எந்தச் சமையல்கட்டில் புகை திரும்பி முகத்தில் அடிக்கும், எங்கே மேனேஜர் பத்து மணிக்குமேல் மோட்டார் போடமாட்டான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆகவே இடம் பார்க்கும் வேலையை அவரிடம் விட்டதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குளியலறை பார்க்க மாமி. என்னைச் சேர்த்துக்கொண்டதற்குப் பெரியத்தா சொன்ன காரணம், "இவன் குறுக்கப் பேசமாட்டான்."

இடம் பார்க்கப் புறப்பட்ட நாள் காலையில் அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். ஈரக் கையை என் சட்டையில் துடைத்தாள்.

"டேய், அங்க ரூமெல்லாம் நல்லா பாரு. கதவு இருக்கிற ரூம் ஒண்ணு இருக்கணும். உள்ள தாப்பா இருக்கணும். போட்டுப் பாரு. இருந்துச்சுன்னா பெரியத்தாகிட்ட, இது அக்காவுக்குன்னு சொல்லிடு."

"நானா?"

"நான் எப்படிடா சொல்லுவேன்? வெக்கமா இருக்காது? நீ சின்னப் பையன், நீ சொன்னா தப்பா தெரியாது."

சரி என்று தலையாட்டினேன். "தலைய ஆட்டாத. சொல்றேன்னு சொல்லு" என்றாள். சொல்றேன் என்று சொன்னேன்.

பாத்திரம் ஏற்றும் வேனின் முன் சீட்டில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனோம். வேனுக்குள் எப்போதும் பட்டை, கிராம்பு, பழைய நெய் வாசம். பின்னால் காலி பிரியாணி தேக்சா ஒன்று உருண்டு உருண்டு முட்டியது.

முதல் இடம் கடற்கரைச் சாலைப் பக்கம். சிறு சிறு ஓட்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். டை கட்டிய பையன் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினான். ஒவ்வொரு கதவிலும் பித்தளைத் தாழ்ப்பாள். நான் ஒன்றை இழுத்துப் பார்த்தேன், சத்தமே வரவில்லை.

"ஒரு காட்டேஜ்ல ரெண்டு பேருங்க சார். கூட ஒரு குழந்தை இருக்கலாம்" என்றான்.

பெரியத்தா விரல் விட்டு எண்ணினார். "அப்ப ஒரு குடும்பத்த ஏழெட்டுத் துண்டா போடச் சொல்ற. சரி, சமையல்கட்டு எங்க கீது?"

"ரெஸ்டாரன்ட் இருக்கு சார். வெளிச் சாப்பாடு அலவுட் இல்ல."

"வெளிச் சாப்பாடு யாருப்பா எடுத்தாறா? இங்கயே அடுப்பு மூட்டி நானே செய்வேன். அதோ, அந்தப் புல்லு மேல மூணு கல்ல வச்சா போதும்."

பையன் புல்லைப் பார்த்தான். அது அன்று காலையில்தான் வெட்டியது போலிருந்தது. "மேனேஜரைக் கேக்கணும் சார்" என்றான். பெரியத்தா அதற்குள் வேனில் ஏறிவிட்டார்.

இரண்டாவது இடம் மாமியின் கையில் விழுந்தது. பெரிய கட்டடம், செயற்கை அருவி, வாசலில் சிமெண்ட் டைனோசர். மாமி குளியலறைக்குள் போனார், அதே வேகத்தில் வெளியே வந்தார்.

"ஏம்மா, வாளி எங்க, செம்பு எங்க?"

இடத்தைச் சுற்றிக் காட்டிய பெண், "டிஷ்யூ வச்சிருக்கோம் மேடம்" என்றாள்.

"அத்த வச்சு இன்னா பண்றது? வா அண்ணே, போலாம்."

வேனில் வரும்போது அந்த ஒரு வாக்கியத்தைப் பெரியத்தா நாலு முறை சொல்லிச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. "நீ சிரி. ராத்திரி நாலு வாட்டி எந்திரிக்கிற சுகர்காரி நான்தான" என்றார்.

மூன்றாவது இடம் கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே போக வேண்டும். சுற்றிலும் மனை போட்டு நட்ட மஞ்சள் கற்கள், நடுவே பூங்கா. முதலில் அங்கே ஒரு கல்யாண மண்டபம்தான் இருந்ததாம். கல்யாணம் அதிகம் வராததால் பக்கத்து நிலத்தில் ராட்டினமும் குளமும் வைத்து, மண்டபத்தைத் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து தங்குவார்களாம்.

பெரியத்தா உள்ளே காலை வைத்ததுமே அவர் முகம் மாறியது. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் போல ஆகிவிட்டார். ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால். பின்னால் சமையல்கட்டு, மூன்று அடுப்பு, நல்ல சரிவு. ஒரு வாளித் தண்ணீரை வாங்கித் தரையில் ஊற்றி, அது தேங்காமல் போவதை நின்று பார்த்தார். தொழுகைக்கு மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டார். மாமி குளியலறைகளைப் பார்த்துவிட்டு, "வாளி கீது" என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. "பசங்களோட வர்ற டீச்சருங்க தங்குற ரூம் சார், ஏசி" என்று வாட்ச்மேன் திறந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். ஒரு கட்டில், ஒரு கண்ணாடி, புது டிஸ்டெம்பர் வாசனை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். சரியாக விழுந்தது. திறந்து இன்னொரு முறை போட்டேன். வெளியே பெரியத்தாவும் மாமியும் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. சன்னல் வழியாக ராட்டினத்தின் மேல் பாதி தெரிந்தது.

வெளியே வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். பெரியத்தா என்னைப் பார்த்து, "இன்னாடா, தாப்பாவெல்லாம் போட்டுப் பாக்குற?" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வேன் கிளம்பிவிட்டது. கிளாம்பாக்கத்தில் சொல்லலாம், பெருங்களத்தூரில் சொல்லலாம் என்று ஒவ்வொரு ஊராகக் கடத்தினேன். வீடு வந்துவிட்டது.

அக்கா காத்துக்கொண்டிருந்தாள். "இருக்கா?"

"இருக்கு. ஏசி ரூம். தாப்பா கெட்டியா இருக்கு. ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தேன்."

"சன்னல்?"

"இருக்கு. ராட்டினம் தெரியுது."

"சொல்லிட்டியா?"

அந்தக் கேள்விக்கு நான் தலையாட்டினேன். அந்த முறை அவள், வாயால் சொல்லு என்று கேட்கவில்லை. மச்சான் சவுதியிலிருந்து கொண்டுவந்த அத்தர் பாட்டிலையும் ஒரு புது போர்வையையும் அன்றே ரெக்சின் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் இறங்கினோம். வேனிலிருந்து முதலில் இறங்கியது ஆட்கள் அல்ல, அரிசி மூட்டை. பிறகு கறி, தயிர்க் கேன், புதினாக் கட்டு, தக்காளிக் கூடை. பெரியத்தா நடுவில் நின்று, மண்டபத்தில் நிற்பது போலவே கையைக் காட்டினார்.

"கறி, தயிரு எல்லாம் அந்த ஏசி ரூமுக்குப் போவட்டும். குளுகுளுன்னு கீது, நாளைக்கு மதியம் வரைக்கும் கெடாது. சமையக்கட்டுக்குப் பக்கத்து ரூமுன்னா ஸ்டோருக்குன்னே கட்டுனது. கட்டில ஓரமா தள்ளு. தக்காளிய அதும்மேல கொட்டு."

அக்கா ரெக்சின் பையோடு அந்த அறை வாசலில் நின்றிருந்தாள். கறிச் சட்டியைத் தூக்கி வந்தவர்கள் அவளை ஒதுங்கச் சொன்னார்கள். அவள் ஒதுங்கி, என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதாவது சொல்வான் என்று நம்பிப் பார்த்தாள்.

நான் பெரியத்தா எதிரில் போய் நின்றேன். அவர் வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா?"

"அந்த ரூமு..." என்றேன்.

"ஆமாடா. தேடிப் புடிச்ச ரூமு. நீதான அன்னிக்கு உள்ள போயி தாப்பாளு, சன்னல் எல்லாம் பாத்த? ஸ்டோர் ரூமுன்னா பூட்டு முக்கியம்னு உனக்குத் தோணிக்கிது பாரு. பெரியவன் ஆனா எங்கூட வா, மாஸ்டர் ஆக்கிடறேன்." முதுகில் தட்டினார். வெங்காயத் தோல் என் சட்டையில் ஒட்டியது. பிறகு எழுந்துபோய் அந்த அறையை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

நான் திரும்பியபோது அக்கா அங்கே இல்லை. பெண்கள் ஹாலில் தன் பையை மற்றப் பைகளோடு வைத்துவிட்டிருந்தாள். ஆண்கள் ஹாலில் பெரியத்தாவுக்கும் அத்தாவுக்கும் நடுவே மச்சானுக்குப் பாய் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளை என்பதால் அவருக்கு மட்டும் இரண்டு தலையணை.

பெரியத்தாவிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவர் வாழ்க்கையில் பார்த்த ஒவ்வொரு கூட்டமும் ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம், நடுவில் அடுப்பு என்றுதான் இருந்தது. எல்லோர் வயிறும் நிறைந்தால் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது எனக்கு அது புரிகிறது. அன்று அவர் இடுப்பில் தொங்கிய சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பிரியாணி. அவ்வளவு நல்ல பிரியாணியை அவர் எந்தக் கல்யாணத்திலும் செய்ததில்லை என்று இன்றும் சொல்வார்கள். சாப்பிட்டதும் பெரியவர்கள் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தார்கள். பிள்ளைகள் வாடகை நைலான் டவுசர் மாட்டிக்கொண்டு குளத்துக்கு ஓடினார்கள். மச்சான் எழுந்து, ராட்டினம் வரை போய் வருகிறோம் என்றார். "தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் அம்மா.

மூவரும் போனோம். எங்கள் கையில் காகிதப் பட்டை கட்டியிருந்தார்கள். அது இருந்தால் எதில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். வெயில் நேரம், ராட்டினத்தில் கூட்டமே இல்லை. ஆபரேட்டர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

ராட்டினத்தில் தொங்கியவை இரும்புக் கூண்டுகள். இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு. இருவர் உட்கார்ந்ததும் ஆபரேட்டர் அதைச் சாத்தி ஓர் இரும்பு முளையைச் செருகுவார்.

மச்சான் அக்காவைப் பார்த்தார். "பயமா இருந்தா வேணாம்" என்றார்.

அக்கா மேலே பார்த்தாள். ஏணியின் நாலாவது படி ஏறாதவள். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மச்சான் தன் கேமராவையும் கொடுத்தார். நான் பின்னாலேயே ஏறப் போனேன்.

"மூணு பேரு ஏற முடியாது தம்பி. நீ அடுத்த பொட்டில ஏறு" என்றார் ஆபரேட்டர்.

"நான் வரல" என்றேன். அன்றைக்கு நான் தயங்காமல் பேசியது அந்த இரண்டு சொல்தான்.

கதவு சாத்தப்பட்டது. முளை விழுந்தது. முதல் சுற்றில் அக்கா கண்ணை இறுக மூடி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். இரண்டாவது சுற்றில் ஒரு கைதான் கம்பியில் இருந்தது. மூன்றாவது சுற்றில் நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். நிறுத்தி இறங்கச் சொன்னபோது மச்சான் கைப்பட்டையைக் காட்டினார். ஆபரேட்டர் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். பிறகு அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். ஒருமுறை கரண்ட் போய், அவர்கள் கூண்டு உச்சியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கீழிருந்து பார்த்தால் கூண்டின் அடித்தகடு மட்டும் தெரிந்தது. துருப்பிடித்த தகட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஏழு என்று எழுதியிருந்தது. என் கையில் கேமரா இருந்தது, அந்தத் தகட்டை ஒரு படம் எடுத்தேன்.

நாலு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னும் எறங்கலியா? இந்தப் பொண்ணுக்கு ராட்டினம்னா இவ்ளோ பைத்தியமா?" என்றார் மாமி. "வூட்டு ஏணில ஏறச் சொன்னா மட்டும் மயக்கம் வரும். வேல செய்ய வலிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியத்தா ஆபரேட்டரிடம் போனார். தோளில் கை போட்டு, "எங்க வூட்டுப் பொண்ணுப்பா. ஆசைப்படுது. எவ்ளோ நேரம் சுத்துதோ சுத்த வுடு. உனக்கு ராத்திரி பிரியாணி எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

மறுநாளும் மதியம் வரை அவர்கள் அதில்தான் இருந்தார்கள்.

அடுத்த வாரம் மச்சான் விமானம் ஏறினார். கேமராச் சுருளைக் கழுவிப் படம் வந்தபோது அந்தத் தகட்டுப் படத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றிச் சிரித்தார்கள். "பொண்ணும் மாப்ளயும் மேல உக்காந்துக்குறாங்க, இவன் அடிப்பக்கத்த எடுத்துக்கிறான் பாரு." அந்தப் படம் பிறகு எங்கே போனது என்று தெரியாது. அக்காவின் பெட்டியில் இருக்கலாம். நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் எந்தப் பொருட்காட்சி வந்தாலும் பெரியத்தா அக்காவைக் கூட்டிப் போய் ராட்டினத்தில் ஏற்றாமல் விடமாட்டார். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண், இதிலாவது சந்தோஷப்படட்டும் என்று அவருக்கு. அவளும் மறுக்காமல் ஏறுவாள். ஒருமுறை அவளுக்குத் துணையாக நான் ஏறினேன். மேலே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை. இறங்கிப் பார்த்தால் என் கையில் நாலு நகத் தடம்.

"பெரியத்தாகிட்ட சொல்லிடாத. ஆசையா கூட்டியாந்திருக்காரு" என்றாள்.

சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை.

மச்சான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போனார். போன வருடம்தான் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. அதைக் கொண்டாட எல்லோரும் சேர்ந்து எங்காவது இரண்டு நாள் போகலாம் என்று போன மாதம் பேச்சு வந்தது. இப்போது நாங்கள் இருபத்தாறு பேர். அக்காவின் மகன் கூடத்தில் உட்கார்ந்து போனில் இடம் பார்த்தான். பெரியத்தா நாற்காலியில் இருந்தார். காது மட்டும் மந்தம், மற்றபடி அவர் அவரேதான்.

"ராட்டினம் கீதா அங்க?"

"இல்ல நன்னா. நீச்சல் குளம் இருக்கு. ரூமெல்லாம் சூப்பரா இருக்கு" என்றான் அவன். பெரியத்தாவை அவன் தாத்தா முறையில் நன்னா என்பான்.

"அப்ப வேற எடம் பாருடா. உங்கம்மாவுக்கு ராட்டினம் இல்லாம ஆவாது."

அவன் சரியென்று விரலால் அந்த இடத்தைத் தள்ளிவிடப் போனான். சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ராட்டினம் வேணாம்" என்றேன்.

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அந்த வீட்டில் என் குரல் அவ்வளவாகக் கேட்டதில்லை. பெரியத்தா காதுக்குப் பின்னால் கை வைத்து, "இன்னான்ற?" என்றார். நான் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"மொதல்ல அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒரு தனி ரூம் போடுங்க. மத்தவங்களுக்கு அப்புறம் பாக்கலாம். அந்த ரூமுக்கு உள்ள தாப்பா இருக்கான்னு கேளு."

அக்கா மகன் சிரித்தான். "எந்த ஊர்ல மாமா ரூமுக்குத் தாப்பா இல்லாம இருக்கும்?"

"பரவால்ல, போன் பண்ணிக் கேளு" என்றேன்.